வில்லங்கச் சான்றில் எழுதப்படாதது

சங்க காலத்தில் கொல்லிமலை கைமாறியது போரினால். வல்வில் ஓரியைக் காரி கொன்று, அவன் மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது பழம்பாடல்கள் தரும் செய்தி. இன்று அம்மலையில் ஒரு துண்டு நிலம் கைமாறுவதற்கு வில்லும் வேண்டாம், வேலும் வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவரும் ஒரு வாகனம், ஒரு முத்திரைத்தாள், ஒரு கையொப்பம் போதும். வாளால் பெற்றவனைப் பறித்தவன் என்கிறோம். கையொப்பத்தால் பெறுபவன் எப்போதும் நேர்மையாளன்தானா? சென்ற ஆண்டு இக்கேள்வி என் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது.

குளிர்ந்த இடத்தில் சிறியதொரு வீடு வேண்டும் என்பது ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் ஆசைகளுள் ஒன்று. நானும் என் துணைவியும் கொல்லிமலையில் ஓர் ஓட்டு வீட்டைப் பார்க்கச் சென்றோம். சுற்றிலும் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள். பின்புறம் முதிர்ந்த ஒரு பலா. விற்பவர் மலையாளி இனத்துப் பெரியவர். இவர்கள் கேரளத்தவர் அல்லர். காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தம் மரபைக் கூறிக்கொள்ளும் பழங்குடியினர். தரகர் தாள்களை விரித்து, "வில்லங்கம் ஒன்றுமில்லை ஐயா, சுத்தமான சொத்து" என்றார். பெரியவர் தலையசைத்தார். வாயிலில் நின்றிருந்த அவர் மனைவி மட்டும், "பலாமரமும் சேர்த்துத்தானுங்களா?" என்று கேட்டார். தரகர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விலை பெரியவரே சொன்னது. ஆயினும் சமவெளியில் அதே பரப்புக்கு நாங்கள் தயங்காமல் கொடுத்திருக்கக் கூடிய தொகையில் அது பாதிகூட இல்லை. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். மரவள்ளி விலை சரிந்த ஆண்டில் வாங்கிய கடன் வளர்ந்துவிட்டது என்றார். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இம்மலை நிலங்களில், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பரவியது பலரும் அறிந்ததே. உண்பதற்கான பயிர் இருந்த இடத்தில் விற்பதற்கான பயிர் வந்தது; அதன் பின்னே சந்தையின் ஏற்ற இறக்கமும் வீட்டுக்குள் வந்தது.

நண்பர்கள் கூறினர்: "அவர் விரும்பி விற்கிறார்; நீ வாங்காவிடில் வேறொருவன் இன்னும் குறைத்து வாங்குவான். பழங்குடியினர் என்பதற்காக அவர் தம் பொருளை விற்கலாகாது என்பது அவரைக் குழந்தையாக நடத்துவதாகாதா?" இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பிறர் நன்மையைப் பிறரைவிட நாமே அறிவோம் என்னும் செருக்கும் ஒரு பாவமே. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் தமிழகத்தில் இல்லை. ஆந்திரத்தின் அத்தகைய பகுதிகளில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடியினர் நிலத்துக்குத் தரும் உறுதியான காவல் இம்மலைக்கு இல்லை. ஆகவே சுமை முழுவதும் வாங்குபவனின் மனச்சான்றின்மீது விழுகிறது.

விவிலியத்தில் இரண்டு நிலபேரங்களை நாம் அறிவோம். சாராவை அடக்கம் செய்ய மக்பேலா குகையைக் கேட்ட ஆபிரகாம், தம்மை அந்நியன் என்றே அறிமுகம் செய்துகொண்டார். இலவசமாகத் தருவதாகச் சொல்லப்பட்டும், ஊரார் முன்னிலையில் 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். மற்றொன்று நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ஆகாபு தொடக்கத்தில் கேட்டது அநியாயமன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மேலான தோட்டம் அல்லது உரிய விலை என்றுதான் சொன்னான். நாபோத்து 'மாட்டேன்' என்றபோது அச்சொல்லைத் தாங்க முடியாமற்போனதில்தான் பாவம் பிறந்தது. ஆக, விலை மட்டும் அளவுகோலன்று. 'மாட்டேன்' என்று சொல்ல இயலாதவன் சொல்லும் 'சரி' எவ்வளவு எடையுடையது? நாபோத்தின் வாயை அடைக்க ஓர் ஈசபேல் தேவைப்பட்டாள். இப்பெரியவரின் வாயை அவருடைய கடனே அடைத்துவிட்டது.

நெதர்லாந்து நாட்டில் வீடு வாங்க ஒப்பந்தம் செய்பவர் மூன்று நாள்களுக்குள் மனம் மாறி விலகிக்கொள்ளலாம். 2003 முதல் சட்டமே அந்த அவகாசத்தைத் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது வாங்குபவருக்கு மட்டுமே உரியது. அங்கே அவசரத்தில் தடுமாறக் கூடியவர் வாங்குபவர் என்று கருதினர் போலும். இங்கே தடுமாறுபவர் விற்பவர். அவருக்கு யார் அவகாசம் தருவது?

1979இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் ஜான்பால், தனிச்சொத்து அனைத்தின்மீதும் ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்னும் கருத்தை முன்வைத்தார். எந்தப் பதிவு அலுவலகமும் தரும் வில்லங்கச் சான்றில் அது இடம்பெறாது. நிலம் இறைவனுடையது, நாம் அவரிடம் தங்கியிருக்கும் அந்நியர் என்னும் லேவியர் நூலின் போதனையே அதன் வேர். வறுமையால் நிலத்தை விற்ற சகோதரனுக்கு அது மீண்டும் கிடைக்க வழிசெய்வதும் அதே அதிகாரமே.

மலையில் வீடு கட்டிய வெளியார் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். ஆங்கிலேயரான ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் சீர்திருத்தச் சபையினர். அவர்கள் இம்மலையில் வீடமைத்து மருத்துவமும் கல்வியும் தந்தனர். 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவரானார். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். எவலின் முதுமையிலும் மலைமக்களிடமே திரும்பி, 1974இல் மறையும்வரை அவர்களுக்காக உழைத்தார். அவர்கள் அயலாராக வந்து அயலவராயினர். நாங்களோ ஆண்டுக்குச் சில வாரம் தங்கி, மற்ற நாளெல்லாம் பூட்டிவைக்கும் வீட்டைத்தானே தேடினோம்?

முன்பணத்தை அன்று நான் கொடுக்கவில்லை. கடனில் நெருக்கடியான பகுதியைத் தீர்க்கும் அளவு ஒரு தொகையை, வட்டியின்றி, நிலத்தோடு தொடர்பின்றிக் கொடுத்தோம். ஓராண்டு கழித்தும் விற்க விரும்பினால் உரிய விலைக்கு வாங்குவோம், பலாவின் கனி அவர்களுக்கே என்றோம். இது பெரிய தியாகமன்று. அவருடைய கடனைப் பெற்ற சூழலை இது மாற்றிவிடவுமில்லை. ஒருவேளை அவர் விற்கவே செய்யலாம். அப்போது அவர் சொல்லும் 'சரி' அவருடையதாக இருக்கும்.

ஓராண்டு முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அவர் 'மாட்டேன்' என்று சொன்னால் எனக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த வருத்தத்தைத் தாங்கும் வலிமைக்காகத்தான் இப்போது செபிக்கிறேன்.