வினையும் நரம்பும்

புற்றுநோய் முற்றியவர் இரவெல்லாம் துடிக்கும்போது, "போன பிறவி வினைங்க, அனுபவிச்சுத்தான் தீரோணும்" என்ற பேச்சு சோமனூர்த் தறிக்காரர் வீட்டிலும் எழும், கோவையின் பெரிய வீட்டிலும் எழும். ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் அது மார்ஃபின் மாத்திரையைத் தள்ளிப்போட வைக்கிறது என்றால் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். கட்டி வளர்ந்து பக்கத்து நரம்பை அழுத்துகிறது. சிலருக்கு நரம்பின் உறைக்குள்ளேயே புகுந்து அதன் வழியே பரவுகிறது. கட்டியைச் சுற்றிச் சேரும் அமிலமும் அழற்சிப் பொருள்களும் நரம்பு முனைகளை உசுப்பி வைக்கின்றன. நுரையீரல் உச்சியில் வரும் கட்டி, கைக்குப் போகும் நரம்புப் பின்னலைப் பிடித்துவிட்டால், நோய் மார்பில் இருக்க, தோளும் சுண்டுவிரலும் எரிகின்றன. புண்பட்ட நரம்பு தூண்டுதலே இல்லாமலும் வலிச் செய்தி அனுப்பும். துணி பட்டாலே சுடும். ஈரலின் உட்பகுதியில் வலியுணரும் நரம்புகள் இல்லை. அங்கே வளரும் கட்டியோ மேலுறையை இழுக்கும்வரை வலிக்காமலே கிடக்கலாம். நல்லவர், கெட்டவர் என்று பாராமல், கட்டி உட்கார்ந்த இடத்தைப் பொறுத்தே வலி கூடுகிறது, குறைகிறது.

அந்த இடத்தையும் வினைதான் தேர்ந்தது என்று ஒரு சைவர் பதில் சொல்லலாம். அதை மறுக்க எந்த ஆய்வாலும் முடியாது. ஆனால் வினை நரம்பின் வழியே வேலை செய்கிறது என்றால், மார்ஃபினும் அதே நரம்பு வழியில்தான், தண்டுவடத்திலும் மூளையிலும், வலிச் செய்தியை அடக்குகிறது. வலி இறைவன் ஏற்பாடு, மருந்து மட்டும் அத்துமீறல் என்று பிரிக்க என்ன நியாயம்? இந்தக் கேள்வி கொங்குநாட்டுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டில் ஞானசம்பந்தரின் அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியதாகவும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி அதை நீக்கியதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகம் வினையை மறுக்கவில்லை. வினையென்று தெரிந்தும் தப்பும் வழியைத் தேடாமல் இருப்பதையே குறையாகக் கேட்கிறது. வினையை முழுதாக நம்பியவரே நிவாரணம் தேடியிருக்கிறார்.

ரமண மகரிஷி வலியைப் பொறுத்தாரே என்பார்கள். இடக்கையில் சார்கோமா என்ற புற்று வந்த அவர் 1949இல் பலமுறை அறுவைக்கு உடன்பட்டார். 1950 ஏப்ரல் 14இல் மறைந்தார். அவருடைய பொறுமை அவர் கண்ட ஞானத்தில் விளைந்தது. அதை எட்டாதவரிடம் அந்தப் பொறுமையை வற்புறுத்துவது கொடுமை. நோயாளி மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவாரோ என்பது இன்னொரு அச்சம். புற்றுவலிக்கு மருத்துவர் அளவறிந்து தரும்போது அது அரிது. 1985இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபினை வைத்திருக்கத் தயங்கின. 2014இன் திருத்தம் அந்த முடிச்சைத் தளர்த்தியது. நரம்பே புண்பட்ட வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாமல் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றையும் சேர்க்க நேரும். "எரியுதுங்க", "ஷாக் அடிக்கிறாப்ல இருக்குதுங்க" என்று நோயாளி சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் அந்த வலியைப் பெரும்பாலும் இனம் காண்கிறார். வினை என்று சொல்லி வாயை அடைத்துவிட்டால் அந்தச் சொல் மருத்துவரிடம் போய்ச் சேராது.