சமாதானத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

நமது நாட்டில் சமாதானம் ஒரு வேலைத்திட்டமாகவும் இருந்து வருகிறது. அதற்கு நிதியொதுக்கீடு உண்டு, கால எல்லை உண்டு, முடிவில் ஓர் அறிக்கையும் உண்டு. எத்தனை செயலமர்வுகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், இளைஞர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அந்த அறிக்கையில் எண்கள் இருக்கும். அந்த எண்கள் பெரும்பாலும் பொய்யானவை அல்ல. வந்தவர்களின் கையொப்பம் இருக்கிறது. சோற்றுப் பொதிக்குக் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டும் இருக்கிறது. ஆனாலும் அவற்றையெல்லாம் கூட்டினால் வருவது சமாதானம்தானா என்ற கேள்வி நீண்ட காலமாக என்னை விட்டுப் போகவில்லை.

இதை மதிப்பீட்டு நிபுணர்களின் தொழில்நுட்பப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. இது ஒழுக்கம் சார்ந்த கேள்வி. ஒரு பாலம் பாரம் தாங்கும் என்று பிழையாகச் சான்றிதழ் கொடுத்தால் ஆற்றில் விழுபவன் அதை எழுதியவன் அல்லன்; அதை நம்பி ஏறியவன்தான். ஓர் ஊரில் இன நல்லுறவு உறுதியாக இருக்கிறது என்று எழுதிவைப்பதும் அத்தகைய ஒரு சான்றிதழே.

நான் இதைத் தெல்தோட்டையிலிருந்து எழுதுகிறேன். பேராதனையிலிருந்து கலஹா வழியாக மேலேறி வருபவர்களுக்கு எங்கள் ஊரின் அமைப்பு விரைவில் விளங்கிவிடும். நகரத்தில் முஸ்லிம்களின் கடைகள், சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், மலைச் சரிவுகளில் தோட்டங்களும் லயன்களும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இங்கிருந்து தொலைவில் இல்லை. அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தந்த மண் என்று இலக்கியக் கூட்டங்களில் நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் ஊரும் இதுதான். வெளியிலிருந்து வருபவர் ஒரு நாள் தங்கிப் பார்த்தால் ‘அமைதியான பிரதேசம்’ என்று குறித்துக்கொண்டு போவார்.

முதற் சிக்கல் அமைதி என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழ் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரின் தலைவிதி பின்னர் பேசுவதற்கு. மலையகத்திலிருந்து குடும்பங்கள் பிரிந்து, ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறின. அந்தப் பிரிவுக்காக ஒரு கடையும் எரியவில்லை. ஊரடங்குச் சட்டமும் போடப்படவில்லை. கலவரங்களை மாத்திரம் எண்ணும் ஓர் அளவுகோல் அந்த ஆண்டுகளில் இந்த மலைகளுக்கு நல்ல புள்ளிகளையே கொடுத்திருக்கும். நோர்வே அறிஞர் ஜொஹான் கல்துங் 1960களில் வன்முறை இல்லாத நிலையையும் நீதி இருக்கும் நிலையையும் இருவேறு சமாதானங்களாகப் பிரித்துக் காட்டினார். அவர் சொன்னதன் பொருள் மலையகத்து லயன் ஒன்றில் பிறந்தவனுக்குப் புத்தகமில்லாமலே தெரியும்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு சமாதானத்துக்கான பணிகள் நாடெங்கும் பெருகின. 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் உதவி வழங்கும் நாடுகள் 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. பேச்சுவார்த்தை முறிந்தது, யுத்தம் திரும்பியது, 2009இல் பேரழிவோடு முடிந்தது. நோர்வே அரசு தனது முயற்சியைத் தானே மதிப்பிட வெளியாரைக் கேட்டுக்கொண்டது. 2011இல் வெளியான அந்த அறிக்கை, பெரிய நோக்கில் இது ஒரு தோல்வியின் கதை என்பதை ஒளிக்காமல் எழுதியது. ஒரு நாட்டின் அரசாங்கம் தன் தோல்வியை அச்சிட்டு வெளியிட முடியுமானால், ஒரு மாவட்டத்தில் பத்துச் செயலமர்வு நடத்திய நிறுவனத்துக்கு அது ஏன் முடிவதில்லை?

நான் கலந்துகொண்ட நல்லிணக்கச் செயலமர்வு ஒன்றின் இறுதியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மற்றைய இனத்தவர் பற்றிய உங்கள் கருத்து மாறியுள்ளதா என்று அதில் கேட்டிருந்தது. ஏறத்தாழ எல்லோரும் ‘ஆம்’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டார்கள். அவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். மூன்று வேளை உபசரித்தவர்களின் முகத்துக்கு நேரே ‘பிரயோசனமில்லை’ என்று எழுதுவது நமது பண்பாட்டில் இல்லை. அந்தத் தாள் அளந்தது எங்கள் விருந்தோம்பலை. அன்று மாலை மனதில் இருந்தது அடுத்த ஆண்டும் இருக்குமா, அங்கே வராதவர்களின் மனதிலிருந்து அது வேறுபட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் இடமே இருக்கவில்லை.

அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க முடியும் என்பதை நிரூபித்தவர்களில் ஒருவர் நமக்கு அடுத்திருந்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. சுமணசிறி லியனகே அவர்களும் தீபக் மல்ஹோத்ராவும் சேர்ந்து செய்த ஆய்வு 2005இல் வெளியானது. சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் கலந்துகொண்ட நான்கு நாள் சமாதான முகாம் ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முகாம் முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே அளந்தார்கள். முகாமுக்குத் தெரிவாகியும் நிதி போதாமையால் போக முடியாமற்போனவர்களையும், முகாமோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்றைய இனத்தவரின் துன்பத்தை உணர்கிறாயா என்று வாயால் கேட்டதோடு நிற்காமல், மற்றைய இனத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கையிலுள்ள காசில் எவ்வளவு தருவாய் என்றும் பார்த்தார்கள். முகாமுக்குப் போனவர்களிடம் இரக்கமும் கூடுதலாக இருந்தது. கொடுத்த தொகையும் கூடுதலாக இருந்தது. ஆகவே நான்கு நாள் சந்திப்பு வீணான காரியம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் இரக்கம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை எங்கள் மாவட்டம் 2018 மார்ச்சில் கண்டது. தெல்தெனியவில் பெப்ரவரி 22இல் முஸ்லிம் இளைஞர் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். சில நாட்களின் பின் அவர் வைத்தியசாலையில் இறந்தார். தாக்குதலுக்கும் மரணத்துக்கும் இடையில் ஒரு வாரத்துக்கும் மேல் இருந்தது. ஆத்திரம் திரண்டுகொண்டிருந்ததைக் காண விரும்பியவர்களுக்குக் காணக் கால அவகாசம் இருந்தது. பின்னர் திகனயிலும் அயலூர்களிலும் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. சில இடங்களில் பிக்குகளும் சிங்கள அயலவர்களும் முஸ்லிம்களுக்குக் காவலாக நின்றார்கள். அவர்களின் மனிதத்துவத்தை நாம் மறக்கக்கூடாது. இருந்தும் நல்ல அயலவர் இருந்த தெருக்களும் எரிந்தன.

இதற்கான விளக்கம் ஒன்று அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. மேரி அன்டர்சனும் லாரா ஒல்சனும் பல நாடுகளின் சமாதானப் பணிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இது: தனி மனிதரின் மனதை மாற்றுவதோடு நின்றுவிடும் வேலைகள், அரசியல், நிறுவனம், சட்டம் என்ற தளத்தோடு இணையாவிட்டால், பரந்த சமாதானத்தில் காணத்தக்க விளைவை ஏற்படுத்துவதில்லை. 2020இல் சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஈராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே உதைபந்தாட்ட அணியில் விளையாட வைத்து அளந்தார். தன் அணித் தோழன் மீது நேசம் கூடியது; மைதானத்துக்கு வெளியே முன்பின் தெரியாத முஸ்லிம் மீது அந்த நேசம் அவ்வளவாகப் பரவவில்லை. நமது ஊர்களிலும் ‘எங்கட கடை நானா நல்ல மனுசன்’ என்பவர், ஏனைய முஸ்லிம்களைப் பற்றி வேறு விதமாகப் பேசுவதை நாம் கேட்டதில்லையா? நாமும் நமது சிங்கள நண்பரை அப்படித்தான் விதிவிலக்காக்கி வைத்திருக்கிறோம்.

அஷுதோஷ் வர்ஷ்னே 2002இல் வெளியிட்ட நூலில் இந்திய நகரங்களைச் சோடி சோடியாக ஒப்பிட்டார். அலிகாரில் கலவரம் மீண்டும் மீண்டும் வந்தது, கோழிக்கோட்டில் வரவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுப்பது போன்ற அன்றாட உறவு கிராமத்துக்குப் போதலாம். நகரத்தில் வியாபாரிகள், தொழிலாளர், வாசகர் எனப் பல இனத்தவரும் உறுப்பினராக உள்ள சங்கங்கள்தான் வதந்தி வந்த இரவில் ஒன்றையொன்று அழைத்துத் தடுத்து நிறுத்துகின்றன என்றார் அவர்.

இவற்றையெல்லாம் வைத்து நான் கேட்க விரும்புவது இதுதான். சமாதானத்தின் அளவு நல்ல நாளில் எத்தனை பேர் கூடினார்கள் என்பதில் இல்லை. கெட்ட நாளில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. எனவே அதற்குரிய கேள்விகளை நல்ல நாளிலேயே கேட்டுவைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு வதந்தி வந்தால் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரிடம் விகாராதிபதியின் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா? கடைசியாக எப்போது அதில் பேசினார்? தோட்டத்துத் தலைவர்களை அந்த வட்டத்தில் யாராவது சேர்த்திருக்கிறார்களா, அல்லது இரு தரப்பும் அவர்களை மறந்துவிட்டனவா? விபத்தொன்று இனப் பிரச்சினையாக மாறுமுன் பொலிஸார் வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது? வந்த பின் யாரைக் கைது செய்தார்கள்? வழக்கு எத்தனை ஆண்டுகளாக நீதிமன்றில் இருக்கிறது? எரிந்த கடைக்காரனுக்கு நட்டஈடு முழுமையாகக் கிடைத்ததா? இவற்றுள் ஒன்றுகூட அளக்க முடியாத மர்மம் அல்ல. நாட்களாகவும் ரூபாயாகவும் எண்ணிவிடலாம்.

கண்டிக்கு இந்தப் பாடம் புதியதல்ல. கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளத்தோடு செல்லலாமா என்ற வழக்கு 1914இல் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு பக்கமாகவும், 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் மறுபக்கமாகவும் தீர்க்கப்பட்டது. அந்த ஆண்டு மே 28 இரவு கண்டி நகரில் வெடித்த கலவரம் மாகாணங்களைத் தாண்டிப் பரவியது. முறுகல் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதைப் பேசித் தீர்க்க இரு தரப்பும் நம்பிய ஒரு மேசைதான் இருக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ண வேண்டும்: வராதவர்களை. நல்லிணக்கக் கூட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நல்லிணக்கம் உள்ளவர்கள். திகனயில் தீவைத்தவர்களைத் தேடி எந்த அழைப்பிதழ் போனது? 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களையும், 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டு வெடிக்கச் செய்தவர்களையும் நமது சமூகத்தின் எந்த நல்லிணக்கக் குழு முன்கூட்டியே சந்தித்தது? இந்தக் கேள்வி நமக்குக் கசப்பானது. அதற்காக அதைத் தவிர்த்துவிட்டு, மற்றவர்களின் கணக்கை மாத்திரம் கேட்க நமக்கு உரிமை இல்லை.

அன்பை அளப்பதே அதைக் கெடுப்பதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான அச்சம்தான். எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர் எண்ணுக்காகவே நடிப்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஏழைக் கிராமத்தவரின் மனப்பான்மை மட்டும் ஓயாமல் அளக்கப்படும். அதிகாரம் உள்ளவர்கள் தராசில் ஏறுவதே இல்லை. 2018 வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு ஆண்டுகள் தாமதித்த அந்த மன்னிப்பு எந்த ஊரின் நல்லிணக்க அறிக்கையில் ஒரு குறிகாட்டியாக இருந்தது? அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் ஸூரா ஒன்று, அல் முதஃப்பிஃபீன் என்ற பெயரோடு, அல்குர்ஆனில் இருப்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிறரிடம் வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்பதே அங்கே கண்டிக்கப்படும் குற்றம். தராசைத் தூக்கி எறியும்படி அங்கே கூறப்படவில்லை. நேராகப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் செய்தி.

எழுதுபவர்களாகிய நமக்கும் இதில் ஒரு வேலை உண்டு. எண்களுக்குப் பதிலாகக் கதைகளைச் சேகரித்து, எது மிக முக்கியமான மாற்றம் என்று ஊரவரே விவாதித்துத் தெரிவு செய்யும் ஒரு முறையை ரிக் டேவிஸ் என்பவர் 1990களில் பங்களாதேஷில் உருவாக்கினார். நல்ல முறைதான். ஆனால் நடைமுறையில் மேலே போய்ச் சேர்பவை பெரும்பாலும் வெற்றிக் கதைகள். பாத்திரங்கள் எல்லோரும் திருந்திவிடும் சிறுகதையை எந்த ஆசிரியரும் நம்பிப் பிரசுரிக்க மாட்டார். அதே கதை நிதி வழங்குநரின் மேசையில் சாட்சியமாகிவிடுகிறது. ஒரு நட்பு ஏன் முறிந்தது, 2018க்குப் பின் ஒரு கடைக்கு ஏன் பழைய வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை, ஒரு தாய் தன் மகனை ஏன் சிங்களப் பாடசாலையிலிருந்து விலக்கினாள் என்பவற்றை எழுதுபவன் சமாதானத்துக்கு எதிரானவன் அல்லன். அந்த அறிக்கையில் விடுபட்ட பக்கத்தை எழுதுபவன் அவன்தான்.

இனி எந்த நிறுவனம் எங்கள் பிரதேசத்துக்குச் சமாதானம் கொண்டுவந்தாலும் நாம் கேட்க வேண்டியது பெரிய காரியம் அல்ல. உங்கள் அறிக்கையைக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புமுன் தமிழிலும் சிங்களத்திலும் இங்கே வாசித்துக் காட்டுங்கள். பள்ளிவாசல் மண்டபத்திலும் விகாரை மடுவத்திலும் தோட்டத்துப் பாடசாலையிலும் வாசியுங்கள். எது பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் அதில் இருக்கட்டும். ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து மறுபடியும் அளவுங்கள். நிறுத்தது சரியா பிழையா என்று சொல்லும் தகுதி, அந்தச் சமாதானத்துக்குள் குடியிருக்கப்போகும் எங்களுக்குத்தான் முதலில் இருக்கிறது.