விக்கெட்டும் வினைப்பயனும்

1988 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி என்ற 19 வயது இளைஞர் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் 16 விக்கெட்டுகளை 136 ரன்களுக்கு வீழ்த்தினார். அறிமுக ஆட்டத்தில் அதைவிடச் சிறந்த பந்துவீச்சு இன்றுவரை பதிவாகவில்லை. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி; 1972-ல் லார்ட்ஸில் 137 ரன்களுக்கு 16 விக்கெட். மாஸி மொத்தம் ஆடியதே 6 டெஸ்டுகள், எடுத்தது 31 விக்கெட்டுகள். ஹிர்வானி ஆடியது 17, எடுத்தது 66. அதாவது முதல் ஆட்டம் போக, மீதி 16 ஆட்டங்களுக்கும் சேர்த்து 50 விக்கெட்டுகள். சேப்பாக்கத்தின் அந்த ஆடுகளம் முதல் நாளிலிருந்தே சுழலுக்கு இடம் கொடுத்தது. விக்கெட் காப்பாளர் கிரண் மோரே அந்த ஒரே ஆட்டத்தில் 6 ஸ்டம்பிங் செய்து சாதனை படைத்தார். ஹிர்வானி பெயரில் எழுதப்பட்ட அந்த 16-ல் எத்தனை ஹிர்வானியுடையவை, எத்தனை மண்ணுடையவை, எத்தனை மோரேயுடைய கைகளுடையவை? கிரிக்கெட் கேள்வி போலத் தோன்றும் இதற்குள், செய்தவனுக்கும் அவன் செய்கையின் பயனுக்கும் என்ன உறவு என்று நம் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இருக்கிறது. அதற்குக் கடைசி விடை சொல்லப் புள்ளியியலால் முடியாது. ஆனால் நாம் அன்றாடம் சொல்லிவரும் தவறான விடை ஒன்றை அதனால் மறுக்க முடியும்.

இந்தக் கணக்கை மிக ஊன்றிப் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில், உண்மையான வீரர்களைக் கற்பனை அணிகளாகப் பிரித்துக்கொண்டு அவர்களின் எண்களை வைத்தே போட்டியிடும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைய ஃபேன்டசி ஆட்டங்களின் முன்னோடிகளில் ஒன்று அது. பந்தெறிபவரை மதிப்பிட அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று அவர் பெயரில் எழுதப்படும் வெற்றிகளின் எண்ணிக்கை. ஆனால் அந்த வெற்றி, அவர் அணியின் மட்டையாளர்கள் எவ்வளவு அடிக்கிறார்கள் என்பதையும் சார்ந்தது. 2018-ல் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸ் அளவுக்குச் சராசரியாக 1.70 ஓட்டங்களே கொடுத்தார். அவர் கணக்கில் 10 வெற்றிகள், 9 தோல்விகள். அவ்வாண்டு தேசிய லீக்கின் சிறந்த பந்தெறிபவர் விருது அவருக்கே கிடைத்தது என்பது, விருது கொடுப்பவர்கள் அதற்குள் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் வோரோஸ் மெக்ராக்கன். மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்து வெற்றிகரமான அடியாகிறதா, பிடிபடுகிறதா என்பதில் பந்தெறிபவரின் பங்கு மிகக் குறைவு என்று 2001-ல் அவர் எழுதினார். பெட்ரோ மார்ட்டினஸ் போன்ற மேதையே அந்த அளவையில் 1999-ல் கடைசி வரிசையிலும் 2000-த்தில் முதலிடத்திலும் இருந்ததை எடுத்துக் காட்டினார். ஓராண்டுக்குள் ஒருவருடைய திறமை அப்படித் தலைகீழாகாது. மாறியது அவருக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்று. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பந்தெறிபவருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று திருத்தினார்கள். அடிப்படை நின்றது: பயனில் பெரும் பகுதி செய்தவனுடையது அன்று.

இதை அறிய அமெரிக்காவரை போகத் தேவையில்லை. 1947 பிப்ரவரி 3-ம் நாள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1971 வரை அதன் தலைமையிடம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் இருந்தது. இவ்வளவு நீண்ட கடற்கரையில் எவ்வளவு மீன் கரைசேர்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது என்பது அந்த நிலையத்தின் தொடக்கக் கேள்விகளில் ஒன்று. எல்லாப் படகையும் எண்ண முடியாது. ஒரு படகை மட்டும் பார்த்துச் சொல்லவும் கூடாது. எனவே கரையை மண்டலங்களாகப் பிரித்து, இறங்குதளங்களையும் நாட்களையும் படகுகளையும் முறைப்படி தற்செயலாகத் தேர்ந்து, அவற்றிலிருந்து முழுமையை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பை உருவாக்கினார்கள். அதோடு, வந்த மீனைத் தனியாகப் பார்க்காமல், எத்தனை முறை கடலுக்குப் போனார்கள், எத்தனை மணி நேரம் வலை கிடந்தது என்பதால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்ததும் ராமேஸ்வரத்திலிருந்து போகும் விசைப்படகுகள் முதல் பயணத்தில் மிகுதியான பாட்டோடு, அதாவது பிடிமீனோடு, திரும்புவது வழக்கம். அந்த நாளின் பாட்டைப் பார்த்து ஒரு படகு டிரைவரைக் கெட்டிக்காரர் என்றால், நாம் புகழ்வது இரண்டு மாதம் ஓய்ந்து கிடந்த கடலைத்தான். பாக் விரிகுடாவாகிய வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வகுத்திருக்கும்போது, நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் இரு தரப்பின் பாட்டையும் ஒப்பிடுவதும் அப்படிப்பட்ட பிழைதான்.

இப்போது நம் வழக்கத்துக்கு வருவோம். நாம் ராசி என்று ஒன்று சொல்கிறோம். கைராசிக்காரர், ராசியான படகு, ராசியில்லாத முகம். இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைப் பார்த்து ஓர் ஆள்மீது தீர்ப்பு எழுதுவதுதான் ராசி. மாதிரி போதாத கணக்கெடுப்பு அது. ஹிர்வானியை முதல் ஆட்டத்தோடு கைராசிக்காரர் என்று எழுதியிருந்தால் அவருக்கு நட்டமில்லை. ஆனால் மருமகள் வீட்டுக்கு வந்த மாதம் தொழில் படுத்தது என்பதற்காக ஒரு பெண்ணை ராசியில்லாதவள் என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல் அவள் ஆயுள் முழுக்கக் கூட வருகிறது. கணவனை இழந்தவளை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைப்பதற்கும் இதே கணக்குத்தான். அவளுக்கு நேர்ந்ததை அவள் செய்ததாக எழுதிவிடுகிறார்கள். இது கொடுமை என்று அறவுணர்வு சொல்கிறது. இது பிழை என்று எண்ணும் சொல்கிறது. இரண்டாவது சாட்சியைச் சமயச் சிந்தனை ஏன் கூண்டுக்கு அழைப்பதில்லை என்பது எனக்கு வியப்பு.

திருக்குறளில் பல்லக்கில் இருப்பவனையும் அதைச் சுமப்பவனையும் பற்றிய குறளுக்கு இரண்டு வகையாகப் பொருள் கொள்வது உண்டு. அறத்தின் பயன் இது என்று நூலால் சொல்ல வேண்டியதில்லை, அந்த இருவரையும் பார்த்தே அறியலாம் என்பது பரிமேலழகர் வழி. அவர்களைப் பார்த்து அறத்தின் பயன் இது என்று சொல்லிவிடாதே என்பது பிற்காலத்தார் பலர் கொள்ளும் வழி. இலக்கணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் புலவர்கள் பேசட்டும். சான்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் பரிமேலழகர் வழிக்கு ஆதாரம் இல்லை. பல்லக்கில் இருக்கிறான் என்பதிலிருந்து அவன் முற்பிறப்பில் என்ன செய்தான் என்பதைப் பின்னோக்கிப் படிக்க, ஒரே வினை செய்த பலருக்கும் ஒரே பயன் வருகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பயணிகளோடு ரயிலும் போயிற்று. அந்த ரயிலைத் தவறவிட்டவர்கள் நல்வினையாளர்கள், ஏறியவர்கள் தீவினையாளர்கள் என்று அந்த மண்ணில் நின்றுகொண்டு எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். பெரும் துயரத்தில் சொல்லக் கூசுவதைச் சிறிய துயரங்களில் தாராளமாகச் சொல்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். திறமையைக் கழித்த பின் மிஞ்சுவதைப் புள்ளியியலார் தற்செயல் என்கிறார்கள். நம் முன்னோர் ஊழ் என்றார்கள். பெயர்தானே வேறு என்று கேட்கலாம். பொருளும் வேறுதான். தற்செயல் என்பது, இந்தப் பயனை இந்த ஆளின் திறமையோடு கட்ட எனக்குச் சான்றில்லை என்ற ஒப்புதல். ஊழ் என்பது, காரணம் உண்டு, அதுவும் அந்த ஆளின் வினைக்குள்ளேயே உண்டு என்ற உறுதி. ஊழை நம்புகிறவர் நம்பலாம். எண்கள் அந்த நம்பிக்கையைத் தொடுவதில்லை. ஆனால் ஊழ் உண்டு என்று நம்புவது ஒன்று. எதிரில் நிற்பவனின் ஊழ் இன்னது என்று எனக்குத் தெரியும் என்பது வேறு. இரண்டாவதற்கு நம்பிக்கையாளருக்கும் உரிமையில்லை.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. மண்ணையும் காப்பாளரையும் கழித்தால் மிஞ்சும் திறமை மட்டும் அவனுடையதா? உயரமும் விரல் நீளமும் பிறப்பில் வந்தவை. பயிற்சி கொடுக்க ஆள் கிடைத்ததும் ஊரில் மைதானம் இருந்ததும் அவன் செய்தவையல்ல. புள்ளியியலாளர்கள் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் 1970-ம் ஆண்டின் 18 பேஸ்பால் மட்டையாளர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் முதல் 45 வாய்ப்புகளை வைத்து மீதிப் பருவத்தைக் கணிக்கப் பார்த்தார்கள். ஒருவரின் எண்ணை அவருடையதாக மட்டும் எடுத்துக்கொள்வதைவிட, அதைக் கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுத்தபோது மொத்தப் பிழை வெகுவாகக் குறைந்தது. தனி ஒருவனை அறியவும் மற்றவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் கழித்துக்கொண்டே போனால் அவனுக்கென்று எதுவும் மிஞ்சாதோ? மிஞ்சாமல் போகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து பெறுவது, எண் பந்துவீச்சைத்தான் எடைபோடுகிறது, மனிதனை எடைபோட அதற்கு வழியில்லை என்பதே. 1999-ல் டெல்லியில் அனில் கும்ப்ளே ஒன்பது விக்கெட் எடுத்து நின்றபோது, பத்தாவதும் அவருக்கே கிடைக்கட்டும் என்று ஜவகல் ஸ்ரீநாத் வேண்டுமென்றே மட்டைக்கு எட்டாமல் வீசினார். புள்ளிவிவரத்தில் அது ஒரு மோசமான ஓவர்.

பயனைப் பார்க்காவிட்டால் யார் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்ற கேள்விக்குக் கடற்கரையிலேயே விடை இருக்கிறது. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்குப் பங்கு என்று பிரிப்பதுதான் நம் கடலோர வழக்கம். வலையை இழுத்தபோது யார் கை எங்கே இருந்தது என்று பார்த்துப் பங்கு குறைப்பதில்லை. பாடு இல்லாத நாள் எல்லோருக்கும் பாடு இல்லாத நாள். ஆனாலும் சோம்பேறியை யாரும் மறுபடி படகில் ஏற்றுவதில்லை. அவன் வலை வளைக்கும் விதத்தைப் பல நாள் பார்த்து முடிவு செய்கிறார்கள். பயனைப் பகிர்ந்துகொள்ளலாம், உழைப்பைக் கண்காணிக்கலாம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

ஃபேன்டசி கிரிக்கெட்டில் பணம் கட்டுவதை இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். திறமையா சூதா என்று நம் நீதிமன்றங்களில் நெடுநாள் வாதம் நடந்தது. குதிரைப் பந்தயத்தைப் பற்றிய தமிழ்நாட்டு வழக்கில் அது திறமை ஆட்டம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஃபேன்டசி ஆட்டமும் திறமையே என்று 2017-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ தற்செயலோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று அந்த வேறுபாட்டையே விட்டுவிட்டது. சரியாகத்தான் செய்தது. வீரர்களின் எண்களை ஆழ்ந்து படிப்பது அறிவு. அதில் திறமை உண்டு. ஆனால் அந்தத் திறமை வெளிப்பட நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும், பணமோ ஒரு மாலையில் போய்விடும். கீதை, வினை உன்னுடையது, பயனில் பற்று வேண்டாம் என்று கற்பிக்கிறது. பணப் பந்தயத்தில் வினை முழுவதும் வேறொருவருடையது. பயனும் பற்றும் மட்டும் நம்முடையவை. எங்கோ ஒரு பீல்டர் கேட்ச் விட்டதற்காக முன்பின் தெரியாத பந்துவீச்சாளரைத் திட்டும் மனநிலை அங்கேதான் பிறக்கிறது.

கடைசி மறுப்பு ராமேஸ்வரத்திலிருந்தே வருகிறது. எனக்கு மிகவும் கனமாகப்படுவதும் அதுதான். இராவணனைக் கொன்றது அறம். ஆனாலும் இராமனைப் பிரம்மஹத்தி தோஷம் பற்றியது, அது நீங்கவே இங்கே சிவலிங்கத்தை நிறுவி வழிபட்டான் என்கிறது தலபுராணம். நோக்கம் நல்லதாக இருந்தும் விளைவு செய்தவனை விடவில்லையே, அப்படியானால் வினையும் பயனும் எப்படிப் பிரியும்? 2014 நவம்பரில் சிட்னியில் ஷான் அபாட் வீசிய பவுன்சர் ஒன்று பிலிப் ஹியூஸின் கழுத்தில் பட்டு, இரண்டு நாளில் அவர் இறந்தார். ஆட்டத்தில் அன்றாடம் வீசப்படும் பந்துதான் அது. யார்மீதும் குற்றமில்லை என்று 2016-ல் மரண விசாரணை முடிவு சொன்னது. அதற்காக அபாட் எதுவும் நடக்காததுபோல் இருந்திருந்தால் நாம் அவரை மதித்திருக்க மாட்டோம். தன் கையிலிருந்து போனது என்ற பாரத்தைத் தானாக ஏற்பது செய்தவனுக்கு உரியது. இராமனின் வழிபாடு அந்த வகை. வெளியே நிற்பவர்கள் அதே விளைவை எடுத்து அவன்மேல் எழுதுவது வேறு. தோஷம் பற்றியவன் என்று அயோத்தி இராமனுக்குப் பட்டம் மறுக்கவில்லை. ஊழைவிட வலியது இல்லை என்று ஓர் அதிகாரத்திலும், சலியாத முயற்சி அதையும் பின்வாங்க வைக்கும் என்று ஆள்வினையுடைமை அதிகாரத்திலும் வள்ளுவர் சொல்வதை முரண் என்பார்கள். முதலாவதைப் பிறரைப் பார்க்கும்போதும் இரண்டாவதைத் தன்னைப் பார்க்கும்போதும் படித்தால் அங்கே முரண் இல்லை என்றே நினைக்கிறேன். அபாட் 2019-ல் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். அவரைத் தேர்ந்தவர்கள் எடைபோட்டது அவர் பந்துவீச்சை.