ஊர் என்பது எது?

'எனது ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதிவருமாறு என் வகுப்பிற் கூறியிருந்தேன். மட்டக்குளிச் சிறுவர்கள் களனி கங்கையின் முகத்துவாரத்தையும் மீன் தோணிகளையும் பற்றி எழுதினர். மலைநாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் மாத்திரம் வெறுந்தாளை நீட்டினான். "எங்களுக்கு ஊர் இல்ல சேர், தோட்டந்தான்" என்றான்.

தோட்டம் ஏன் ஊர் ஆகாது? லயத்தைச் சுற்றிப் பாருங்கள். மாரியம்மன் கோயில் உண்டு; மாசியிலே காமன் கூத்து உண்டு; நான்கு தலைமுறையினரைப் புதைத்த மண் உண்டு. இல்லாதது உறுதிப் பத்திரம் ஒன்றுதான்.

ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1940 ஜனவரியில் அங்குள்ள தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். ஓர் இடத்தில் வாழ்வதற்காக உயிரையே கொடுத்தவனுக்கு அவ்விடம் சொந்தமில்லையெனின், சொந்தம் என்ற சொல்லுக்குப் பொருள்தான் என்ன? ஆயினும் எட்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

உழைப்பே உரிமையைத் தருகிறது என்பது என் கட்சி. ஆனால் அதனை அத்துடன் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கிற்று. அவை ஏக்கர் ஐந்து ஷில்லிங்காகவும் துரைமாருக்கு விற்கப்பட்டன. கண்டிய விவசாயி தன் சேனையை இழந்த அந்த மண்ணிலேதான் நம் தொழிலாளி தன் முதுகை முறித்தான். ஒருவனிடம் பறித்ததை மற்றவனைக் கொண்டு பண்படுத்தியவன், இருவருக்கும் ஊரில்லாமற் செய்தான். இவ்விருவரும் ஒருவரையொருவர் கள்வரெனக் கருதும்வரை, பத்திரம் வைத்திருப்பவனுக்குக் கவலையில்லை. பக்கத்துக் கிராமத்தானின் இழப்பைப் பேசாத தோட்டத்து வரலாறு பாதி வரலாறே, மறுதலையும் அவ்வாறே.

சட்டமோ ஊர் வேறு, தோட்டம் வேறு என்றே நெடுநாள் கண்டது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. வாக்குரிமை உண்டு, வீதியைச் செப்பனிட வழியில்லை! 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

வெறுந்தாளைத் திருப்பிக் கொடுத்து, "உன் பாட்டியை எங்கே அடக்கஞ் செய்தார்கள்?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தான். பிரட்டுக் களமும், எட்டடிக் காம்பராவும், மலையடிவாரத்துப் பலாமரமும் அதிலிருந்தன. தலைப்பை மாத்திரம் மாற்றியிருந்தான்: 'எனது தோட்டம்'. புள்ளி குறைக்க எனக்கு மனம் வரவில்லை.