சான்றிதழும் சாட்சியும்

ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் அந்த இரட்சிப்பை இழக்க முடியுமா? தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை கைவிடமாட்டார் என்றார்கள் கால்வின் வழி வந்தவர்கள். 1618-19இல் டார்ட் நகரில் கூடிய சங்கம் அதை உறுதி செய்தது. பெற்ற கிருபையைச் சாவான பாவத்தால் இழக்க நேரிடும் என்று 1547இலேயே திரெந்து சங்கம் சொல்லியிருந்தது. பின்னால் வந்த வெஸ்லியும் விசுவாசி விழ முடியும் என்றார். எனக்கு இந்தக் கேள்வி எங்க வீட்டிலிருந்து வந்தது.

என் அண்ணனுக்குக் கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். ஞானஸ்நானப் பதிவேட்டில் கிறிஸ்தவன். சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடன். அந்தக் காகிதத்தில்தான் விடுதியில் இடம் கிடைத்தது, படித்தான், வேலைக்குப் போனான். ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை.

சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தது. ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "இந்துன்னு எழுதிக் குடுத்தவன் பின்மாறிப் போனவன். அவனுக்கு என்னா ஓட்டு?" அண்ணன் தலை குனிந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். "எம்புள்ள காயிதத்துலதான் மாறுனான். நீங்க இன்னும் மாறவேயில்லியே அய்யா. எங்க மாமியாளு செத்தப்போ எந்தக் கல்லறையில பொதைக்கச் சொன்னீங்க?"

யாரும் பேசவில்லை. ஐயர் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். அந்தச் சபைக்கு அன்றைக்கு இரண்டு கல்லறைத் தோட்டம். திருவிருந்துக்கும் ஊர்த்தெரு போய் வந்த பிறகுதான் காலனி போகும்.

காகிதத்தால் விசுவாசத்தை அளக்கும் சண்டை புதுசு இல்லை. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டெசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்து மண்ணில் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் உண்மையாகவே பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துக் காகிதம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இவர்களை என்ன செய்வது? ரோமில் நொவேஷியன், சேர்க்கவே கூடாது என்று தனியாகப் பிரிந்து போனார். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் ஒவ்வொருவர் நிலைமையையும் விசாரித்து, காகிதம் வாங்கியவர்களை மனந்திரும்புதலோடு சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய சிப்ரியனே அந்தத் துன்ப நாளில் தலைமறைவாக இருந்தவர். 258இல் அதே சிப்ரியன் விசுவாசத்துக்காக வெட்டுப்பட்டுச் செத்தார். அன்றைக்கு ஒளிந்தவர் பிறகு நின்றார். ஒருநாள் செயலை வைத்து யாரையும் தீர்த்துவிட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எங்க காகிதத்தின் கதைக்கு வருவோம். தாழ்த்தப்பட்ட சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் உள்ளே சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியேதான். மதம் மாறிய ஆதிதிராவிடரைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அதே தொழில் செய்த கிறிஸ்தவருக்கு இல்லை என்றார்கள். அவர் உச்சநீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. சாதிக் கொடுமை கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரமா இல்லை? எங்க பாட்டி புதைந்து கிடக்கிற இடமே ஆதாரம். திருவிருந்து வரிசை ஆதாரம். "நம்மிடத்தில் சாதி இல்லை" என்று பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லி அந்த ஆதாரத்தை மூடி வைத்தது யார்? பிற்பாடு ஆயர்கள் டெல்லி வரை போய்ப் போராடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் டெல்லியில் நீதி கேட்கிற சபை தன் கல்லறையில் நீதி செய்ய வேண்டாமா?

அண்ணன் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. அது பொய். அந்தப் பொய் அவனை உள்ளுக்குள் அரித்தது. சொந்தப் பேரை ஆபீசில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் முப்பது வருஷம் இருந்தான். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. பேதுரு மூன்று தடவை மறுதலித்தான், அழுதான், திரும்ப வந்தான். அண்ணனும் அழுதிருக்கிறான், நான் பார்த்திருக்கிறேன்.

இரட்சிப்பை விட்டுவிட்டுப் போக முடியும் என்றுதான் நானும் நம்புகிறேன். கிருபை இலவசம், ஆனால் அதில் நிலைத்திருப்பது அன்றாட வேலை. அந்த வேலையைச் சேரி மட்டும் பார்க்க வேண்டுமா? ஞானஸ்நானத் தண்ணீர் ஊர்த்தெருவின் தலையிலும்தான் விழுந்தது. எல்லாரும் ஒரே சரீரம் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, பிணத்தைப் பிரித்துப் புதைத்தவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமலே பின்மாறிப் போனவன். அவனுடைய மறுதலிப்பு மூன்று தடவையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தடவை நடந்தது.

மூன்றாம் பத்தி போகும்வரை போராடுவதும், இரண்டு கல்லறையை ஒன்றாக்குவதும், எந்தப் பிள்ளையும் படிப்புக்காகப் பொய் சொல்லத் தேவையில்லாமல் செய்வதும்தான் முடிவுவரை நிலைத்திருப்பது. அதைச் செய்யாத சபை, அண்ணனின் இரட்சிப்பைப் பற்றி விசாரிக்கும் முன்னால் தன் இரட்சிப்பைப் பற்றி விசாரிக்கட்டும். அம்மா கேட்ட கேள்விக்கு அந்தச் சபை இன்னும் பதில் சொல்லவில்லை.