அளவுகோலும் ஆளும்

ஒருவன் நாளை என்ன ஆவான் என்பதை இன்று அவனைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா? பெண் கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. அமெரிக்காவில் இக்கேள்வியை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக் கொண்டிருக்கின்றனர். விளையாட்டுத்தானே என்று அதனை ஒதுக்கிவிடுதல் சரியன்று. மனிதன் மனிதனை எடைபோடும் முறையின் நிறையும் குறையும் அங்கே மறைவின்றித் தெரிகின்றன.

அமெரிக்கக் காற்பந்து பெயரளவில்தான் காற்பந்து. பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அதில் 'வைட் ரிசீவர்' எனப்படுபவர் திடலின் ஓரத்திலிருந்து முன்னோக்கி ஓடி, 'குவார்ட்டர்பேக்' எறியும் பந்தைப் பிடிப்பவர். ஏற்பாளர் என்று அவரைத் தமிழில் அழைக்கலாம். எவ்வளவு விரைந்து ஓடினும், எறிபவர் எறிந்தாலன்றி அவருக்குக் கணக்கில் ஒரு கெஜமும் ஏறாது. பிறர் கையை நம்பி நிற்கும் தொழில் அது.

இவ்வாட்டத்தின் நிழலாக எழுந்தது கற்பனைக் காற்பந்து. 1962ஆம் ஆண்டில் பில் விங்கன்பாக் என்பார் நியூயார்க் விடுதியொன்றில் நண்பர்களுடன் அமர்ந்து அதன் விதிகளை வகுத்தார். மறு ஆண்டில் ஓக்லந்து நகரில் முதல் தேர்வு நடந்தது. உண்மையான ஆட்டக்காரர்களைத் தாளில் தமக்கெனப் பங்கிட்டுக்கொண்டு, அவர்கள் திடலில் ஈட்டும் கெஜங்களைப் புள்ளிகளாக்கிப் போட்டியிடுவதே அதன் சாரம். ஆண்டுதோறும் பங்கீடு கலைவது பொது வழக்கம். 'டைனஸ்டி' எனப்படும் வகையில் அது கலைவதில்லை. ஒருமுறை எடுத்தவரை, தாமே விடுக்கும் வரையிலோ மாற்றிக்கொள்ளும் வரையிலோ வைத்துக்கொள்ளலாம். எனவேதான் பல்கலைக்கழகத் திடலில் ஓடும் இருபது வயது இளைஞனின் எதிர்காலம் அவர்களுக்குப் பெரும் பொருளாகிறது.

அவர்கள் கண்மூடித்தனமாக மதிப்பிடுவதில்லை. வெறும் கெஜக் கணக்கை அவர்கள் நம்புவதில்லை. பந்தை ஓயாமல் எறியும் குழுவில் எவருக்கும் கணக்குப் பெருகும். ஆதலால், குழு எறிந்து பெற்றதில் இவ்விளைஞரின் பங்கு எத்தனை விழுக்காடு என்று பார்க்கின்றனர். அப்பங்கு ஐந்தில் ஒன்றை எட்டியபோது அவருக்கு வயது என்ன என்றும் பார்க்கின்றனர். பதினெட்டு வயதில் இருபத்திரண்டு வயதினரை விஞ்சியவரும், இருபத்து மூன்று வயதில் தம்மினும் இளையோரை விஞ்சியவரும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவர் அல்லர் என்பது அவர்தம் வாதம். அறிவுடைய வாதமே.

இதற்கு மாறாக, வெறும் வேகத்திற்கு மயங்கியோரும் உண்டு. 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் இளைஞர்களை அழைத்து ஓடவிட்டும் தாண்டவிட்டும் அளக்கின்றனர். 2017இல் ஜான் ராஸ் அங்கே 40 கெஜத்தை 4.22 வினாடியில் கடந்தார். அதுவரை எவரும் கண்டிராத வேகம். சின்சினாட்டி குழு அவரை ஒன்பதாம் ஆளாக எடுத்தது. முதற் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. நேர்கோட்டில் தனியே ஓடுவது வேறு, எதிராளி மறிக்கையில் ஓடுவது வேறு.

ஆனால் அறிவுடைய அளவுகோலும் வழுக்கும் இடம் உண்டு. 2019இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவில் ஜமார் சேஸ் 1,780 கெஜமும் ஜஸ்டின் ஜெபர்சன் 1,540 கெஜமும் ஈட்டினர். இருவரும் பெருந்திறலினர்; ஒரே குழுவில் இருந்தமையால் ஒருவர் பங்கை மற்றவர் குறைத்தார். விழுக்காட்டை மட்டும் நோக்குபவருக்கு இருவரும் சற்றுச் சிறுத்தே தெரிவர். 2020ஆம் ஆண்டுத் தேர்வில் பிலடெல்பியா குழு 21ஆம் இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் மினசோட்டா குழு ஜெபர்சனை எடுத்தது. அவர் முதற் பருவத்திலேயே 1,400 கெஜம் ஈட்டினார்.

கூப்பர் கப் என்பாரின் கதை இன்னும் கூர்மையானது. இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிய கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 2017இல் 69ஆம் ஆளாக எடுக்கப்பட்டபோது வயது 24ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. வயதுக் கணக்குப்படி விலக்கத்தக்கவர். 2021இல் அவர் பிடித்த பந்துகள் 145. ஈட்டிய கெஜம் 1,947. 2023 பருவத் தொடக்கத்தில் காயத்தால் அவர் ஒதுங்கி நின்றபோது, அதே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் குழுவில் 177ஆம் ஆளாக எடுக்கப்பட்டிருந்த பூக்கா நக்கூவாவின் பக்கம் பந்துகள் பறந்தன. அவர் அவ்வாண்டு 105 பந்துகளைப் பிடித்து 1,486 கெஜம் ஈட்டினார். புதியவர் எவரும் அதற்குமுன் அவ்வளவு பெற்றதில்லை. நக்கூவாவின் திறமை அவருடையதே. ஆயினும், கதவைத் திறந்தது மற்றொருவரின் தசைப் பிடிப்பு. எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் அதனை முன்கூட்டியே எழுதிவைப்பது?

மதிப்பீடு எதிர்காலத்தைக் கணிப்பதோடு நில்லாமல், அதனை ஆக்கவும் செய்கிறது. முதற் சுற்றில் எடுக்கப்பட்டவர் மூன்று முறை தவறினும் நான்காம் முறை பந்து வரும். கடைசிச் சுற்றினர் ஒருமுறை தவறினால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பின்னர், "முதற் சுற்றினரே சிறப்பாக ஆடுகின்றனர்" என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள். அதில் திறமை எவ்வளவு, பெற்ற வாய்ப்பு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

கணிப்புப் பிழைப்பதால் எடுத்தவர் இழப்பது சில புள்ளிகளும் சிறு பந்தயத் தொகையும்தான். அறக்கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. தாளில் பெயரெழுதியவர் "என் ஆள்" என்று பேசத் தொடங்குகிறார். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, பல்கலைக்கழக ஆட்டக்காரர் தம் பெயரைக் கொண்டு ஒரு காசும் ஈட்ட விதிகள் இடந்தரவில்லை. முன்பின் அறியாதவர்களோ அப்பெயருக்கு ஏற்ற இறக்கம் கூறிக்கொண்டிருந்தனர். 2013இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் பிராண்டன் ஜேக்கப்ஸுக்கு, கற்பனை ஆட்டத்திற்காகவே கொலை மிரட்டல் வந்தது. அத்தகையோர் சிலரே. ஆனால் ஓர் இளைஞர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழும்போது முதலில் தம் கணக்கை நினைப்பவர் சிலர் அல்லர். கொடியவர் என்று அவர்களைச் சொல்ல முடியாது. எண்ணையே நோக்கிப் பழகிய கண், எண் நின்றதைத்தான் முதலில் காண்கிறது.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம்: டைனஸ்டி முறை பொறுமையைக் கற்பிக்கிறதே! உண்மையான குழுக்களே கைவிடும் இளைஞரை, தாளில் எடுத்தவர் மூன்று ஆண்டுகள் வைத்துக் காத்திருப்பதுண்டு. இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பொறுமை எது, பிடிவாதம் எது என்பதை முடிவை வைத்துத் தீர்ப்பதில்தான் சிக்கல். டவாண்டே ஆடம்ஸை 2014இல் கிரீன் பே குழு இரண்டாம் சுற்றில் எடுத்தது. மறு ஆண்டில் மூத்த ஏற்பாளர் ஜோர்டி நெல்சன் காயத்தால் பருவம் முழுதும் விலகினார். நக்கூவாவுக்குத் திறந்தது போன்றே ஒரு கதவு இவருக்கும் திறந்தது. அவரோ 483 கெஜமும் ஒரேயொரு 'டச் டவுனும்' மட்டுமே பெற்றார். வாய்ப்புக் கிடைத்தும் பயன்படுத்தாதவர் என்று பலர் அவரைக் கழித்துவிட்டனர். 2016இல் நெல்சன் திரும்பி வந்தார். வாய்ப்புச் சுருங்கியிருக்க வேண்டிய அவ்வாண்டில் ஆடம்ஸ் 997 கெஜமும் 12 டச் டவுனும் பெற்றார்.

கழித்தவர்களை அறிவிலிகள் என்பது எளிது, நியாயமன்று. அவர்கள் கையிலிருந்த தாள் அவ்வாறுதான் காட்டியது. ஆனால் 2015 பருவத் தொடக்கத்திலேயே ஆடம்ஸின் கணுக்காலில் காயம் பட்டிருந்தது. அது எவருக்கும் மறைக்கப்பட்ட செய்தியன்று. நாளேடுகளில் வந்த செய்திதான். அவரைத் தம் ஆளாகக் கொண்டிருந்தவர்களும் அதைப் படித்தார்கள். எந்த வாரம் திரும்புவார் என்று பார்ப்பதற்காகப் படித்தார்கள்.