பொய்க்குத் தண்டனை, அச்சத்துக்கு?

புலன் விசாரிக்கும் காவல் அதிகாரியிடம் உண்மையே உரைக்க வேண்டும் என்கிறது சட்டம். தன்னையே குற்றவாளியாக்கும் கேள்விக்கு விடை மறுக்கலாம். பொய் புகல இடமில்லை. வழக்கு மன்றமேறிப் பொய்ச் சாட்சி புகன்றாலோ 7 ஆண்டு வரை சிறை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வகுத்த அந்த அளவை, 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் மாற்றவில்லை.

தேவையான சட்டந்தான். பொய்யை முறியடிப்பதே பகுத்தறிவாளர் பணி. பொய்க்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆனால், பொய்யைப் பிடிக்கும் கரம், அந்தப் பொய்யைப் பிறப்பித்தவனைப் பிடிக்கிறதா?

கொங்கு நாடு காட்டும் காட்சிகள் இரண்டு.

2015 ஜூன் 23. திருச்செங்கோட்டுக் கோயிலில் தோழியுடன் காணப்பட்டார் கோகுல்ராஜ் எனும் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் அவர் பிணம்! 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. ஆனால் அந்தத் தோழியோ, முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சியானார். அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை அழைத்துக் கோயில் கண்காணிப்புக் காமிராக் காட்சியைக் காட்டிக் கேட்டபோதும், "அது நானல்ல" என்றார். அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கிற்று.

2016 மார்ச். உடுமலைப்பேட்டையிலே, பட்டப்பகலிலே, சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலையில் வெட்டுண்டு உயிர் பிழைத்த மனைவி கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார்.

ஒருவர் மறுத்தார், ஒருவர் உரைத்தார். முன்னவரைத் தூற்றிப் பின்னவரைப் போற்றிவிட்டால் போதுமா? வீரம் போற்றத்தக்கது, ஆனால் எல்லோரும் வீரராக இருந்தால்தான் நீதி கிடைக்கும் என்பது நீதியின் வறுமையல்லவா? சாட்சி சொன்னபின் அவர் திரும்பிச் செல்வது நீதிமன்ற மாளிகைக்கன்று; சாதி காவல் காக்கும் அதே தெருவுக்கு, அதே உறவினர் நடுவே!

சாட்சியை மிரட்டிப் பொய் சொல்லத் தூண்டுவோனுக்கும் 7 ஆண்டு வரை சிறை என்று 2006இலேயே சட்டம் செய்தார்கள். ஏட்டிலே தராசு நேராகத்தான் நிற்கிறது. ஆனால் நடுங்கியவரின் பொய் பதிவேட்டில் கிடக்கிறது. எடுத்து நீட்டினால் போதும். நடுங்க வைத்தவனின் சொல்லோ இரவோடிரவாகக் காதில் ஓதப்பட்டது, அதற்குப் பதிவேது? ஆகவே, எளிதில் அகப்படுபவர் மீதே சட்டத்தின் பாரம் இறங்குகிறது.

சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை நாடெங்கும் நடத்துமாறு உச்சநீதிமன்றம் 2018இல் ஆணையிட்டது. அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கும்வரை, உண்மையைக் கேட்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதைக் கேட்கும் தகுதி பாதிதான் உண்டு.

எவருக்கும் தீமை விளைவிக்காத சொல்லே வாய்மை என்று வகுத்தார் வள்ளுவர். கொலைகாரனைக் காக்கும் பொய் தீமையே, ஐயமில்லை. அந்தப் பொய்யை ஒருவர் வாயில் திணிக்கும் சாதி வெறி அதனினும் பெருந்தீமை.

இளைஞனே! உன் ஊரில் உண்மை சொல்லத் துணிந்தவர் தனியே நீதிமன்றம் செல்லும் நிலை வேண்டாம். உடன் நட, வெளியே காத்திரு, திரும்பும்போதும் துணை நில். பொய்யைத் தண்டிப்பது சட்டத்தின் வேலை. உண்மைக்கு அஞ்சாத ஊரை ஆக்குவது நம் வேலை.